காருக்குள் வெளிச்சம்

விமலநாதனின் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இருட்டில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது பொலிஸைக் கண்டால், அது அவரைக் கேட்காமலே எழும்பிப் போய், கண்ணாடிக்கு மேலே இருக்கிற பொத்தானை அழுத்திக் காருக்குள் விளக்கைப் போட்டுவிடும். அவர் வேண்டாம் என்று நினைத்து முடிப்பதற்குள் வெளிச்சம் வந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் வான் வண்டி ஓடிய காலத்துப் பழக்கம் அது. பொழுதுபட்ட பிறகு ஆமியின் சோதனைச் சாவடியை நெருங்கினால், முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவரோடு வான் ஓடிய ஒருவன் ஒருநாள் மறந்துபோனான். அடுத்த நாள் வானை மட்டும் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு விமலநாதனின் கைக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவர் இருப்பது ஒஃபன்பூர்க்கில். ஜெர்மன் குடியுரிமை எடுத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பாண் தொழிற்சாலையில் மாக் குழைக்கிற இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார். மனைவி சுந்தரேஸ்வரி மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டாள். ஒரே மகள் தேனுஜா ஹம்பேர்க்கில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அந்த நாட்டில் ஒஃபன்பூர்க்கிலிருந்து அதைவிடத் தூரமாக ஓர் ஊரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

சனிக்கிழமைகளில் கார்ல்ஸ்ரூஹேக்கு மரக்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவார். யாரிடம் சொல்கிறார் என்று கேட்காதீர்கள், வீட்டில் வேறு யாரும் இல்லை. உண்மையில் அவருக்கு வேண்டியது மரக்கறி அல்ல. ஒரு ஆளுக்கு எத்தனை முருங்கைக்காய் தேவைப்படும்? தம்பித்துரை அண்ணையின் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் இருந்துகொண்டு, பால் விடாத பிளேன்ரீ ஒன்றைக் குடித்தபடி, வந்து போகிறவர்களின் தமிழைக் கேட்டுக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் அநேகமாக இந்தியாவிலிருந்து வந்த ஐ.டி. பிள்ளைகள். "ஹலோ அங்கிள்" என்று சொல்லிவிட்டு, பாதி இங்கிலீஷில் தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடுவார்கள். அதுவும் அவருக்குப் போதுமாக இருந்தது. போதவில்லை என்றால் மட்டும் என்ன செய்ய முடியும்?

முன்பெல்லாம் பக்கத்துச் சீற்றில் சுந்தரேஸ்வரி இருப்பாள். இப்போது அந்தச் சீற்றில் மரக்கறிப் பை இருந்தது. பை பாரமாக இருந்தால் பெல்ற் போடச் சொல்லிக் கார் கத்தும். அவரும் பைக்குப் பெல்ற் போட்டுவிடுவார்.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒஃபன்பூர்க்குக்கு வரும் நெடுஞ்சாலையான அவுட்டோபான் எந்த நாட்டின் எல்லையையும் தாண்டுவதில்லை. ஆனால் பக்கத்தில் றைன் நதி, அதற்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். எல்லைக்குக் கிட்ட என்பதால், களவாக நாட்டுக்குள் வருகிறவர்களைப் பிடிக்கவென்று பொலிஸ் அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் மறிக்கலாம். வாகனங்களை ஒற்றை வரிசையாக்கி மெதுவாக விடுவார்கள். ஒளிரும் தடியோடு ஒருவர் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அனுப்புவார். விமலநாதனின் காரைக் கண்டால் மட்டும் அந்தத் தடி சரிந்து வாகனத் தரிப்பிடத்தைக் காட்டும். எல்லாத் தரமும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் தன்னைப்பற்றி யோசிக்கத் தொடங்குகிற அளவுக்குப் பலதரம்.

கடந்த வருடக் கடைசியில், நத்தார் விடுமுறையில் தேனுஜா வந்திருந்தாள். இருவரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மறித்தார்கள். அவருடைய கை வழக்கம்போல விளக்கைப் போட்டது. தரிப்பிடத்தில், பொலிஸ் கேட்பதற்கு முன்பே அவர் அடையாள அட்டையை நீட்டினார். தேனுஜா நீட்டவில்லை. ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை அல்லவா, கண்ணாடியை இறக்கிவிட்டு நேராகக் கேட்டாள்.

"ஏன் எங்களை மறித்தீர்கள்? முன்னால் போன இத்தனை கார்களையும் விட்டீர்களே?"

பொலிஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். "எங்களைக் கண்டதும் உங்கள் காருக்குள் விளக்கு எரிந்தது. எதையோ அவசரமாகத் தேடுவதுபோல, அல்லது ஒளிப்பதுபோலத் தெரிந்தது. அதனால்தான்."

அதைக் கேட்டபோது விமலநாதனுக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது! மனுசன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சாவடி, ஆமி, முன்விளக்கு, உள்விளக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். "மன்னிக்க வேண்டும், பழைய பழக்கம்" என்றார். பொலிஸ்காரரும் சிரித்தார். இருவரும் கைகொடுக்காத குறை. காருக்குள் இருந்த தேனுஜா மட்டும் சிரிக்கவில்லை.

வெளிக்கிட்டதும் அவள் கேட்டாள்.

"நீங்கள் ஏனப்பா அவரிட்ட மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

"பிழை என்னில தானே பிள்ளை. லைட்டைப் போட்டது நான்."

"அவர் அதைச் சும்மா சாட்டுக்குச் சொல்லுறார். எங்கட நிறத்தைப் பாத்துத்தான் மறிக்கினம். அப்பிடி மறிக்க ஏலாதெண்டு சட்டத்தில இருக்கு, தெரியுமே?"

"உனக்கு எல்லாம் நிறந்தான். லைட் போடாட்டி விட்டிருப்பினம்."

"அப்ப போடாமல் ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்!"



ஹம்பேர்க்குக்குப் போன பிறகு தேனுஜா ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அன்றைக்கு மறித்ததற்காகப் பொலிஸ் மேல் வழக்குப் போட்டாள். மாசி மாதம் தொலைபேசியில் சொன்னாள்: "கார் ஓடினது நீங்கள். நீங்கள் வந்து சாட்சி சொன்னால்தான் பலம்." விமலநாதன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். "வந்து என்னத்தைச் சொல்ல? பொலிஸில பிழை இல்லை, என்ர கையிலதான் பிழை எண்டு சொல்லவோ?"  "சரி அப்பா, வையுங்கோ" என்றாள் தேனுஜா.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் வந்த அழைப்பு அதோடு நின்றது. "சாப்பிட்டியளோ?" என்று இடைக்கிடை வட்ஸ்அப்பில் எழுதுவாள். இவர் "ஓம்" என்று எழுதுவார். சாப்பிடாத நாட்களிலும் அப்படித்தான் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை மேசையில் வைத்துவிட்டு, அது அடிக்காததைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சில நேரம் மணி அடிக்கிற சத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று தானே அடித்தும் பார்த்திருக்கிறார்.

பிடிவாதக்காரன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவர் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். தன் கையில் பிழை என்றால் கையைத் திருத்தலாம். தன் தோலில் பிழை என்றால் எதைத் திருத்துவது? இந்த நாட்டில் இவ்வளவு காலம் வரி கட்டி, மனைவியை இங்கேயே தகனம் செய்து, இனி வேறு எங்கேயும் போவதற்கில்லாத ஒரு மனிதன் அந்த இரண்டில் எதை நம்ப விரும்புவான்?

ஐப்பசி முடிந்து, மாலைகள் சீக்கிரமாக இருட்டத் தொடங்கியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. மகள் சொன்னதையே செய்து பார்ப்பது. விளக்கைப் போடாமல் ஓடி, மறிக்காமல் விட்டார்கள் என்றால், போனை எடுத்து, "பாத்தியே பிள்ளை, நான் சொன்னது சரி, இனி இந்த வழக்கை விட்டிட்டுக் கதை" என்று சொல்லலாம். அவள் கொஞ்சம் கோவிப்பாள். பிறகு கதைப்பாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிடும்.

ஆனால் கை கேட்கவில்லை. மறித்த ஒரு சனிக்கிழமை, போடாதே போடாதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தும், விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்த கிழமை அவர் விறாந்தையில் கிடந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடிக்கு மேலே இருந்த மூடியைக் கிளப்பி, பல்பையே கழற்றிவிட்டார். கழற்றிய பல்பைச் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. நல்ல வேலை செய்தேன் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு கார்ல்ஸ்ரூஹேக்குப் புறப்பட்டார்.

அன்றைக்குக் கடையில் பிளேன்ரீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

"என்ன விமல், இண்டைக்கு ஒரு அவசரம்?" என்றார் தம்பித்துரை அண்ணை.

"மகளோட கதைக்கவேணும் அண்ணை."

"எடுத்தவவோ?"

"இல்லை. நான் எடுக்கப்போறன்."

திரும்பி வரும் வழியில் தூரத்திலேயே நீல வெளிச்சம் சுழல்வது தெரிந்தது. மறிக்கிற இடத்தைக் கண்டு சந்தோசப்பட்ட மனிதன் அந்த அவுட்டோபானில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வாகனங்கள் ஒற்றை வரிசையாகின. முன்னால் ஒரு வயதான ஜெர்மன் தம்பதி. அதற்கு முன்னால் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஒரு வான். எல்லோரையும் தடி போ போ என்றது. அவருடைய முறை வந்தது. கை எழும்பிப் போய்ப் பொத்தானை அழுத்தியது. டக். காருக்குள் நல்ல இருட்டு.

தடி சரிந்து தரிப்பிடத்தைக் காட்டியது.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் வருகிறவனைக் காட்டுகிறார்களாக்கும் என்று பார்த்தார். தடி திரும்பவும் அவரையே காட்டியது.

தரிப்பிடத்தில் ஒரு இளம் பொலிஸ்காரி வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். அவர் அட்டையை நீட்டினார். நீட்டிய கையை முழுதாக விடாமல், இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஏன் என்னை?"

"வழமையான சோதனைதான்."

"நான் விளக்குப் போடவில்லையே."

அவள் குனிந்து அவருடைய காரின் முன்பக்கத்தைப் பார்த்தாள். "இல்லையே, விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன" என்றாள். பிறகு டோர்ச்சை உள்ளே பிடித்தாள். பெல்ற் போட்டபடி இருந்த பையைப் பார்த்தாள். "தயவுசெய்து உள்விளக்கைப் போடுங்கள்."

விமலநாதன் பொத்தானை அழுத்தினார். டக்.

"பல்ப் இல்லை" என்றார்.

"பழுதாகிவிட்டதா?"

"கழற்றினேன்."

"ஏன்?"

என்ன சொல்வது? யாழ்ப்பாணத்து ஆமியிலிருந்து தொடங்கி மகளின் வழக்குவரைக்கும் சொல்ல வேண்டும். முன்பொருமுறை இதே கதையைச் சொல்லிச் சிரித்தவர், இப்போது அதைத் தூக்கி எடுக்கத் தெம்பில்லாமல் நின்றார். "மகளுக்காக" என்று மட்டும் சொன்னார். அவள் தன்னோடு வந்தவரைப் பார்த்தாள். அவர் வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். பிறகு பையையும். முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். ஒரு காய் முறிந்துபோனது. அதற்கு மன்னிப்பும் கேட்டார்கள்.

அதெல்லாம் நடக்கும்வரை விமலநாதன் குளிரில் நின்று மற்றக் கார்களைப் பார்த்தார். இவ்வளவு காலமும் தன் அட்டையைத் தவிர வேறொன்றையும் அவர் அங்கே பார்த்ததில்லை. ஒரு காரில் தலைக்கு முக்காடு போட்ட பெண், பின்னால் நித்திரையாகிப்போன பிள்ளைகள். ஒன்றில் சுருட்டை முடிப் பெடியன், வேலைச் சீருடையோடு. ஒன்றில் கறுப்பு மனிதர் ஒருவர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு காருக்குள்ளும் விளக்கு எரியவில்லை.

"நல்ல மாலையாக அமையட்டும்" என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தாள் பொலிஸ்காரி.

அவர் காருக்குள் ஏறினார், ஆனால் எடுக்கவில்லை. அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. அந்தக் கோபம் பொலிஸ்காரியில் மட்டும் இல்லை. நத்தார் நேரம் சிரித்துச் சிரித்து மன்னிப்புக் கேட்ட அந்த மனுசனிலும் வந்தது. பக்கத்துச் சீற்றில் சுந்தரேஸ்வரி இருந்திருந்தால், "சரி, வாங்கோ, வீட்ட போய்க் குழம்பு வைப்பம்" என்றிருப்பாள். பைக்குத் திரும்பவும் பெல்ற் போட்டார். பிறகு போனை எடுத்தார். அவள் எடுக்க மாட்டாள் என்று நினைத்தார். எடுத்தாள்.

"அப்பா? என்ன, சுகமில்லையோ?"

"நான் லைட் போடேல்லை, பிள்ளை."

 அங்கே ரயிலோ எதுவோ போகிற சத்தம் கேட்டது.

"மறிச்சவையோ?" என்றாள் மெதுவாக.

"ஓம். பல்பையும் கழட்டிப்போட்டு வந்தனான். எண்டாலும் மறிச்சவை."

வென்றவள் அவள்தானே. நான் அப்பவே சொன்னேன் என்று சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். சொல்லட்டும், அதுவும் அவள் குரல்தானே என்று இருந்தது. ஆனால் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"கோட்ஸில வழக்கு எப்ப?" என்று கேட்டார்.

"மார்கழியில."

"நான் வாறன். வந்து சொல்லுறன்."

"அப்பா," என்றாள் தேனுஜா.  "நீங்கள் சொன்னதே சரியா இருந்திருக்கக்கூடாதோ அப்பா. இந்த ஒண்டிலயெண்டாலும்."