வெர்னாவுக்கு வந்த அனுதாபக் கடிதங்கள்

‘கர்ட்டன்’ வாரப் பத்திரிகையில் ஒரு சொல் அச்சேற வேண்டுமென்றால் அதன் தலையில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைப்பவள் நான். நடிகையின் வயதா, விசாரித்துவிட்டு ஒரு புள்ளி. நாய்க்குட்டியின் பெயரா, அதற்கும் ஒரு புள்ளி. நடந்தது மூன்றாம் கல்யாணமா நான்காம் கல்யாணமா என்று மணமகளுக்கே போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டும் புள்ளி வைத்திருக்கிறேன்.

நியூயார்க்கில், செருப்புக்கடை மாடியில் இரண்டு மேஜையோடு ஆரம்பித்த பத்திரிகை அது. பதினெட்டு வருஷத்தில் நாட்டிலுள்ள சூப்பர் மார்க்கெட்டுகளில் எல்லாம் கல்லாப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. வாரம் நாற்பது லட்சம் பிரதி. எனக்கு அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது, வெர்னா விஷயம் நடக்கும்வரை.

ஆசிரியர் ஹாலரனுக்கு ஒரே ஒரு கர்வம். பத்திரிகை ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்: “திருத்தம் போடற வாரம், அந்தப் புள்ளிய வெச்ச ஆளு மூட்டை கட்டிக்கலாம்.” சொன்னால் செய்கிற மனுஷன்.

செத்தவர்களுக்குப் போன் போட முடியாதே, அதற்கு அலமாரி இருந்தது. பிரபலங்களைப் பற்றிய பழைய செய்தி நறுக்குகளை ஆளுக்கொரு உறையில் போட்டு வைத்திருப்போம். உயிரோடு இருப்பவர்கள் பச்சை அலமாரியில், போய்ச் சேர்ந்தவர்கள் சாம்பல் அலமாரியில். 1979 மார்ச்சில் ஒரு பழைய நடிகரின் பிறந்தநாள் விருந்துப் படம் வந்தது. கீழே, ‘இவரது முதல் மனைவி, மறைந்த நடிகை வெர்னா லிண்ட்குவிஸ்ட்’ என்று ஒரு வரி. அச்சுக்குப் போக இருபது நிமிஷம். ஓடிப்போய்ச் சாம்பல் அலமாரியைத் திறந்தேன், வெர்னா பெயர் போட்ட உறை இருந்தது. உள்ளே பார்த்தேனா? இல்லை. புள்ளியை வைத்துவிட்டேன். உறையை அலமாரி மாற்றி வைத்தது எந்தப் புண்ணியவானோ. பிரித்துப் பார்க்காதது நான்தான்.

அடுத்த வாரம் போன் வந்தது.

“அங்க சரிபார்க்கற பொண்ணு யாரு?”

“நான்தாங்க, கோனி. நீங்க?”

“நான் செத்துப்போனவ. ஒஹாயோவுல டொலீடோலேர்ந்து பேசறேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

“அடச்சீ, அழாதடி. முட்டை வாங்க நிக்கறேன், கல்லாவுல இருக்கற பொண்ணு உங்க பத்திரிகையப் பிரிச்சு, ‘ஐயோ பாவம், இந்தம்மா போயிட்டாங்களாம்’ங்கறா. யார்கிட்ட? என்கிட்டயே! பாக்கிச் சில்லறையக் குடுத்துட்டுச் சொல்றா!” என்று சிரித்தாள் வெர்னா. பிறகு குரல் இறங்கியது. “அதில்ல... ஒண்ணு கேக்கணும். என்னை நெனச்சு யாராச்சும் ரெண்டு வரி எழுதினாங்களா?”

பத்துக் கார்டு வந்திருக்கும், அதையாவது அனுப்பி வைக்கலாம் என்று கீழே தபால் அறைக்குப் போனேன். தபால் பிரிக்கிற ஆர்ட்டி சுவரோரம் கையைக் காட்டினான். மூன்று சாக்கு மூட்டை!

“அத்தனையும் அந்தம்மாவுக்கா?”

“நாலாவது மூட்டை மத்தியானம் வருது” என்றான்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அலாஸ்காவில் மீன் டப்பா அடைக்கிறவள் எழுதியிருந்தாள். சிறையிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். லூயிசியானா நர்ஸ் ஒருத்தி தன் மகளுக்கு வெர்னா என்றே பெயர் வைத்திருக்கிறாளாம். படத்துக்குக் கீழே ஓரமாகக் கிடந்த ஒரே ஒரு வரி! அதைப் படித்துவிட்டா இத்தனை பேர் பேனாவை எடுத்தார்கள்?

சனிக்கிழமை மூட்டைகளைக் காரில் ஏற்றி டொலீடோவுக்கு ஓட்டினேன். சலவைக்கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தாள் வெர்னா. அறுபத்தெட்டு வயது, நெடுநெடுவென்று உயரம், காலில் ஆண்பிள்ளைச் செருப்பு. மூட்டைகளைப் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுத்துவந்து கட்டை வெட்டினாள். அப்புறம் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள்.

பிட்ஸ்பர்க் வெல்டர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘ஒரு படத்தில் நீங்கள் கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவீர்கள். பெண் கேட்கப் போன அன்று நானும் அப்படித்தான் தடுமாறினேன். அவள் சிரித்துவிட்டாள். முப்பத்தோரு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். நன்றி.’

“அது நடிப்பில்லடி” என்றாள் வெர்னா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குளிர்ல நெஜமாவே விரல் மரத்துப் போச்சு. டைரக்டர் கண்டபடி திட்டினான்.”

சாப்பிடும்போது புள்ளி வைக்கிற கதையையும் ஹாலரனின் சட்டத்தையும் நானே உளறிவிட்டேன். வெர்னா முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்போ திருத்தமே போட வேணாம், விடு. எழுதினவங்களுக்கெல்லாம் நானே பதில் போட்டுக்கறேன். எனக்கு வேற என்ன வேலை?”

அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்வானேன், பென்சில்வேனியா தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். காபி குடிக்க ஒரு கடையில் நிறுத்தினேன். கல்லாப் பக்கத்தில் ‘கர்ட்டன்’ நின்றது. வரிசையில் நின்ற ஓர் அம்மாள் அதைப் பிரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்தேன். கடிதம் எழுதினவர்கள் சில ஆயிரம் பேர். எழுதாமல் இப்படி நம்பினவர்கள் நாற்பது லட்சம். அவர்களுக்கு யார் பதில் போடுவது? அதற்கப்புறம் பாட்டு வரவில்லை.

திங்கட்கிழமை ஹாலரன் மேஜையில் ஒரு தாளை வைத்தேன். ‘வெர்னா லிண்ட்குவிஸ்ட் உயிரோடு, நலமாக, டொலீடோவில் இருக்கிறார். தவறு எங்களுடையது.’ ஒவ்வொரு சொல்லின் தலையிலும் புள்ளி.

தாளை எடுத்துப் படித்தார். “யார் சரிபார்த்தது?”

“நான்தான். நேர்ல போய், கண்ணால பார்த்தேன்.”

“இது வெளிவந்தா என்னாகும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

தாளை அச்சுக்குப் போகும் தட்டில் போட்டார். வெள்ளிக்கிழமை என் மேஜையைக் காலி செய்தேன். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து டொலீடோவிலிருந்து துக்கக் கடிதம்போலக் கறுப்புக் கரை போட்ட உறையில் ஒரு கடிதம் வந்தது.

‘அன்புள்ள கோனி, நீ அந்த ஆபீஸில் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆழ்ந்த அனுதாபங்கள். ஒருத்தி உன்னை நினைத்து இரண்டு வரி எழுதினாள் என்று தெரிந்துகொள்.’

ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.