ஒரே கிடாரத்து நண்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் ஓடும். புத்தி பின்னால் மெல்ல நடந்து வரும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் நண்டுக் கொட்டில் மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் சங்கமாய்ச் சேர்ந்து நடத்துகிறோம். மேற்பார்வை நான், றஞ்சிதா. காலையில் வள்ளங்கள் கொண்டுவரும் நண்டை அண்டா போன்ற பெரிய கிடாரத்தில் அவித்து, ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மதியத்துக்கு முன் லொறியில் ஏற்ற வேண்டும். அந்த வாரம் முழுக்க லொறி பாதிப் பெட்டிகளை வெறுமையாகத்தான் கொண்டுபோனது.

"அக்கா, கொழும்பில முதலாளி ஏசுறார்," என்றான் லொறிக்கார அகீல். எருக்கலம்பிட்டிக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். "நாளைக்கும் பெட்டி நிரம்பேல்லை எண்டால் அந்தப் பக்கம் இனிப் போகாத, வேற இடம் பார் எண்டு சொல்லிப்போட்டார்."

லொறி வராவிட்டால் கொட்டிலுக்குப் பூட்டுத்தான். இத்தனை பெண்களும் நாளைக்கு என்ன செய்வார்கள்? அந்த வேகத்தில் உள்ளே போய்ப் பிடித்தேன் ஒரு பிடி.

"கதை, கதை, எந்த நேரமும் கதை! கை ஓடினால்தானே பெட்டி நிரம்பும்! என்னடி மேரிசெல்வி, பல்லைக் காட்டுறாய்? வேலை எப்பிடிச் செய்யிறதெண்டு இப்ப நான் காட்டுறன் பாருங்கோ!"

கத்தியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தொப்பென்று இருந்தேன். தட்டில் ஒரு நண்டுகூடக் கிடையாது.

"நண்டு எங்கயடி?"

"அதைத்தான் அக்கா நாங்களும் கேக்கிறம்," என்றாள் மேரிசெல்வி.

கொட்டிலே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழும்பி அடுப்படிக்குப் போனேன். அவ்வளவு பெரிய கிடாரம், அடியில் கொஞ்ச நண்டு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் மற்ற வள்ளங்களின் கூடைகள் வரிசையாய்க் காத்துக் கிடந்தன.

எங்கள் கரையின் வழக்கம் அது. ஒரு வள்ளத்து நண்டோடு இன்னொரு வள்ளத்து நண்டைச் சேர்த்து அவிக்க விடமாட்டார்கள். எடுத்த சதையை நிறுத்துத்தான் வள்ளக்காரருக்கு விலை. ஓடு மாற்றிய புதிதில் நண்டுக்குள் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அப்படிப்பட்டதைக் கலந்துவிட்டு, என் நண்டின் சதையில் அடுத்தவன் பங்கு பார்த்துவிடுவான் என்று ஆளுக்காள் பயம். அதனால் கொஞ்ச நண்டு வந்தாலும் அதற்குத் தனியாக ஓர் அவியல். வேலை முழுக்கக் கிடாரத்தில் தேங்கி நிற்க, நான் இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகளின் கையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பின்னேரம் வள்ளக்காரர் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"நாளைக்கு வாசலிலேயே நண்டை விரலால அமத்திப் பார்த்து, சதையில்லாததைக் கழிச்சுப்போட்டு, மிச்சத்தைப் பச்சையாய் நிறுப்பம், அந்த நிறைக்குத்தான் விலை. பிறகு எல்லாம் ஒரே கிடாரத்துக்க."

"ஆர் அமத்திப் பார்க்கிறது?" என்றார் சிங்கராசா அண்ணை. "நீ பார்த்தால் உன்ர சொந்தக்காரருக்கு விட்டுக் குடுப்பாய்."

மேரிசெல்வியின் புருசன் பெனடிக்ற் கூரையைப் பார்த்துச் சொன்னான். "சில பேர் பார்த்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்."

கூரையைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. சிங்கராசா, மேரிசெல்வியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு வலை அறுந்த தகராறில் மச்சான்மார் இரண்டு பேரும் பேச்சை விட்டு வருடக்கணக்காகிறது. கோயிலில்கூட ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். நடுவில் கிடந்து மேரிசெல்விதான் வேகிறாள்.

எனக்குத் திரும்பவும் ஏறியது. "சரி! அண்ணையின்ர நண்டைப் பெனடிக்ற் பார்க்கட்டும். பெனடிக்றின்ரயை அண்ணை பார்க்கட்டும். மற்ற ஆக்களின்ரயை ரெண்டு பேரும் பாருங்கோ. உங்கட ரெண்டு பேரின்ர கண்ணுக்கும் தப்பி ஒரு கூடாத நண்டு உள்ளுக்க வருமோ?"

கோபத்தில் சொன்னதுதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு யோசித்தது. "ஓம், அவள் சொல்லுறது சரிதானே," என்றது.

மறுநாள் பெனடிக்ற், சிங்கராசாவின் கூடையில் இருந்து நண்டுகளைத் தூக்கித் தூக்கி எறிந்தான். அண்ணை பல்லைக் கடித்தார். எறிந்ததை எடுத்து அமத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. அதைத் தானே தூர எறிந்தார். கிடாரம் விளிம்புவரை நிரம்பியது. பெண்களுக்குத் தலை நிமிர நேரமில்லை, பெட்டிகள் மளமளவென்று ஏறின.

வரிசையில் கடைசிக் கூடை பெனடிக்றுடையது. அது போனால்தான் மிச்சப் பெட்டிகள் நிரம்பும். சிங்கராசா அதற்கு முன்னால் குந்தினார். ஒவ்வொரு நண்டாய் எடுத்து வயிற்றைப் பெருவிரலால் அமத்தினார். குறை ஒன்றும் அகப்படவில்லை. விடுவாரா? திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். வெளியே அகீல் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

"அண்ணை, குறை இருந்தால் சொல்லுங்கோ, இல்லையெண்டால் விடுங்கோ! லொறி போகப் போகுது!"

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய நண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெனடிக்றின் முகத்தை நேரே பார்த்தார்.

"எல்லாம் நல்ல நண்டு, மச்சான்," என்றார். "எந்தப் பக்கம் வலை போட்டனீ?"

மேரிசெல்வியின் கத்தி நிலத்தில் விழுந்தது. ஒரே நேரத்தில் அழுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் கிடாரம் கொதிக்கிறதே!

"அழுறதெல்லாம் லொறி போன பிறகு! நண்டைக் கொட்டுங்கோ!"

கொட்டினோம், அவித்தோம், உடைத்தோம். லொறி நிறைந்த பெட்டிகளோடு புறப்பட்டது. "நாளைக்கும் வாறன் அக்கா!" என்று கத்திக்கொண்டு போனான் அகீல். மாதாவே என்று வாசலிலேயே குந்திவிட்டேன்.

உள்ளே ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மச்சான்மார் இரண்டு பேரும் கிடாரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று, யாருடைய நண்டில் சதை கூட என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். விலக்குப் பிடிக்கப் போன என்னை மேரிசெல்வி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கோ அக்கா," என்றாள். "கதைக்கினம்தானே."