நூற்று ஒன்பதுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை

பேரையூரில் என் வீட்டுக்காரரைக் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்றால்தான் தெரியும். வெள்ளைத்துரை என்று கேட்டு வருகிறவர்கள் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எண்பத்திரண்டு புரட்டாசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கே வந்து நின்றார். ஜெர்மனியில் நூற்று ஒன்பதாவது தனிமத்தை உண்டாக்கிவிட்டார்களாம். பிஸ்மத் என்கிற உலோகத்தின் மேல் இரும்பு அணுக்களை நாள்கணக்கில் மோதவிட்டு, கடைசியில் கிடைத்தது ஒரே ஓர் அணு. அதற்குத்தான் இந்தக் குதி.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. மூத்தது பிறந்த அன்றே போனது, அடுத்தது பால் குடிக்கப் பழகும் முன்பே போனது. அதனால் இந்த வயிறு அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம்.

அந்த அணு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டேன். கண் இமைப்பதற்குள் உடைந்துவிட்டதாம். உடைந்ததை வைத்துத்தான் பிறந்ததையே கண்டுபிடித்தார்களாம். கனம் கூடக் கூட இப்படித்தான், நிற்காது என்று பாடம் நடத்திக்கொண்டே போனவர், என் வயிற்றைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"அதுக்குப் பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்ல ஜெயக்கொடி. இப்போதைக்கு நம்பருதான்" என்றார்.

பேர் விஷயத்தில் எங்களுக்குள் பழைய சண்டை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதை அரிசி புடைக்கிற சொளகில் கிடத்திப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு விட்டுப் போய்விடுமாம். நல்ல பேரும் வைக்க மாட்டார்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு ராமக்காள் சொளகோடு வந்தபோது இவர் சிரித்தே விரட்டினார். அதற்கு முன்பே பேர் முடிவு செய்து, ஸ்டாஃப் ரூமில் மிட்டாய் கொடுத்திருந்தார். அந்தப் பேரை அதன்பிறகு நாங்கள் இருவருமே வாயால் சொன்னதில்லை. இந்தத் தடவை ராமக்காளைக் கூப்பிடலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐப்பசியில் மதுரை ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நன்றாக அழுதாள். அதுவும் பயமாகத்தான் இருந்தது, மூத்ததும் நன்றாகத்தான் அழுதது.

மறுநாள் காலை இவர் உள்ளே வந்தார். பின்னாலேயே ராமக்காள், இடுப்பில் சொளகோடு. இவரே ஊருக்குப் போய் பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தவிடு. பிரித்த வேகத்தில் பாதி தரையில் கொட்டியது.

பிள்ளையைச் சொளகில் வாங்கிய ராமக்காள், என்ன பேர் சொல்லிக் கூப்பிட என்று கேட்டாள்.

"நூத்தி ஒம்போது" என்றார்.

அவள் முழித்தாள்.

"பேரு பெறகு வைப்போம்க்கா. நின்னுச்சுன்னா வைப்போம்." பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

நான் மிச்சத் தவிட்டை அள்ளி ராமக்காள் கையில் கொடுத்து என் பிள்ளையை வாங்கினேன். மடியில் கிடந்தவளின் நெஞ்சு ஏறி இறங்கியது. இவர் கட்டிலோரம் குனிந்து அதையே பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேருமே கண் இமைக்கவில்லை.