நாற்பத்தொன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில்

"ஒன்பதுக்கு இந்தப் பக்கம் நாப்பத்தொண்ணு, அந்தப் பக்கம் பதினேழு இருந்துச்சு. இது என்ன கணக்கும்மா? நம்பர் போட்டவர் தூக்கத்துல போட்டாரா?"

கேட்டவர் மாநகராட்சியிலிருந்து வீட்டு எண் பலகை அடிக்க வந்தவர். கையில் சுவரைத் துளைக்கும் மெஷின், தோளில் நீலப் பலகைகள் நிறைந்த பை. ஒன்பதாம் நம்பர் அக்கா தன் பழைய தகரப் பலகைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அப்படித்தான்.

"தூக்கத்துல இல்ல, கட்டின வரிசையில போட்டது. கிணத்துக்காரர் வீடுதான் ஊர்லயே முதல் வீடு, அது ஒண்ணு. மாவு மில்லு ரெண்டு. எங்கப்பா கட்டினது ஒன்பதாவது. இதோ நிக்கிறாளே, இவ மாமனார் நாப்பத்தொண்ணாவதா வந்து ஒண்டினவர்."

"ஒண்டல. மனை வாங்கிக் கட்டினார்," என்றேன் நான்.

"ஊரா? இது வார்டும்மா," என்றார் அவர்.

"உங்களுக்கு வார்டு."

நான் கல்யாணமாகி வந்தபோது ஊராகத்தான் இருந்தது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் அதே பஸ். அதை விட்டால் மில்காரர் வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து, தலையெல்லாம் மாவாக நகரத்தில் போய் இறங்குவோம். எந்த ஊர் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. வீட்டுக்கு வழி சொல்வதென்றால் பக்கத்து நம்பர்களைச் சொல்வோம். "ஒன்பது எங்க?" "நாப்பத்தொண்ணுக்கும் பதினேழுக்கும் நடுவுல." அவ்வளவுதான், ஆள் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் நாங்கள் போக வேண்டிய நகரம் அதுவாகவே எங்களிடம் வந்துவிட்டது. அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த சோளக்கொல்லை இன்று எட்டு மாடியாக நிற்கிறது.

கொல்லையை விற்றது அக்காதான். கையெழுத்துப் போட்ட அன்று அவள் தம்பி, எங்களுக்கெல்லாம் சின்னவன், கூடத்தில் நின்று கேட்டது என் வீடுவரை கேட்டது.

"என்னைக் கேக்காம வித்துட்ட, இல்ல?"

"கேட்டா சம்மதிப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கடிதம் இல்லை, போன் இல்லை. இதற்குள் அக்கா வீட்டு முன்னறை செல்போன் கடையாகி, மேலே இரண்டு மாடி ஏறி, வாசல் மரம் சாலையை அகலமாக்கியதில் போய்விட்டது. அவன் வந்தால் அடையாளம் காண அந்தத் தகரம் ஒன்றுதான் பாக்கி.

"தெரு முழுக்க முடிஞ்சுது. உங்க ஒரு வீட்டுக்காக ஆபீஸ்ல தினம் திட்டு வாங்கறேன். அறுபத்திரண்டு நல்ல நம்பர்தானே?"

"நல்ல நம்பர்னா உங்க வீட்டுல மாட்டிக்குங்க. என் தம்பிக்கு அறுபத்திரண்டு தெரியாது."

அந்த நேரம் தெரு முனை இஸ்திரிக் கடைக்காரர் துணி கொடுக்க வந்தார். இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். புது வரிசையில் அவர் கடைதான் ஒன்பது.

"உங்களால நேத்து நல்ல கூத்து, சார்," என்றார் பலகைக்காரரிடம். "ஒரு ஆளு, நரைச்ச தலை. பலகையைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. 'ஒன்பது இங்க எப்படி வந்துச்சு? நாப்பத்தொண்ணுக்கும் பதினேழுக்கும் நடுவுல இல்ல இருக்கணும்'ங்கறாரு. பள்ளிக்கூடம் பக்கமே போகலை போலன்னு நினைச்சேன்."

அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் கை மட்டும் என் முழங்கையைத் தேடிப் பிடித்தது.

"அப்புறம்?"

"புதுப் பலகை பதினேழுலேர்ந்து நாப்பத்தொண்ணு வரைக்கும் ரெண்டு தடவை நடந்தாரு. யாரு வேணும்னு கேட்டேன், வாயைத் திறக்கல. சும்மா நிக்கக் கூச்சமோ என்னவோ, பையிலேர்ந்து ஒரு சட்டையை எடுத்துக் குடுத்தாரு. இன்னிக்குச் சாயங்காலம் வாங்கிக்கறேன்னாரு."

என்னால் அக்காவைப் பார்க்க முடியவில்லை. போன வாரம், "துருப்பிடிச்சது, எடுத்துட்டுப் போங்க" என்று என் நாற்பத்தொன்றைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவள் நான். இப்போது நான் அறுபத்தொன்று. பக்கத்துத் துணை இரண்டும் போனபின் ஒன்பதை மட்டும் காவல் காத்து என்ன ஆகும்? அவன் இவ்வளவு தூரம் வரவேயில்லை.

அக்கா நாற்காலியை நகர்த்தினாள்.

"கழட்டுங்க."

"நிஜமாவா?"

"உங்க அறுபத்திரண்டை அடிச்சுக்குங்க. தகரத்தை என்கிட்ட குடுங்க. வளைச்சுடாதீங்க."

நாலு மணிக்கே இஸ்திரிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டோம். மடியில் தகரம். அக்கா சட்டையை வாங்கிப் புரட்டினாள். காலர் பிரிந்திருந்தது. ஊசி நூல் கேட்டாள்.

"கஸ்டமர் சட்டைம்மா. அவர்தான்னு எப்படித் தெரியும்?"

"ஒன்பதை நாப்பத்தொண்ணு பக்கத்துல தேடற ஆளு உலகத்துலயே எத்தனை பேர் இருப்பாங்க?"

காலரை முடித்து நூலைப் பல்லால் கடிக்கும்போது வந்தான். எதிர்ப்புறத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சாலையைக் கடந்து வந்து என்னிடம் கேட்டான். அக்காவைப் பார்க்கவில்லை.

"ஒன்பதை எங்க கொண்டுபோய் வச்சீங்க?"

"என் மடியில," என்றாள் அக்கா. "இதையும் உன்னைக் கேக்காமதான் கழட்டினேன். கேட்டா சம்மதிப்பியா?"

"மாட்டேன்," என்றான் சின்னவன்.

அவள் நீட்டிய சட்டையை அவன் வாங்கவில்லை. என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவள் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டான்.

"கையில ஒரு பொத்தான் இல்ல பாரு. அதையும் தைச்சுடு."