படியாத பேரம்

செருப்புக் கடைக்காரரைப் பற்றி அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. வழி கேட்க அவர் கடைக்குள் நுழைந்தவர்கூட, கையில் ஒரு பெட்டியோடுதான் வெளியே வருவாராம். இருபது வருடமாக வாடிக்கையாளர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர்கள் காலைப் பிடித்துப் பிழைத்தவர். முட்டி போட்டுப் பேசுகிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அப்பேர்ப்பட்டவர், இரண்டு வயது நிரம்பாத தன் மகளிடமிருந்து ஒரே ஒரு ரப்பர் சூப்பானை வாங்க முடியாமல் ஒரு வாரம் திண்டாடினார்.

மகளை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா வேலைக்குப் போனதும் பகல் முழுக்கக் கடையிலேயே இருந்து, காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வருகிற போகிறவர்களை அதிகாரமாகப் பார்ப்பாள். பகலில் சூப்பான் நினைவே இருக்காது. படுக்கையை விரித்தால் போதும், அது வாய்க்குள் போய்விட வேண்டும். அதுவும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை அப்புறம்தான். தூக்கத்தில் வாய் தளரும், சூப்பான் நழுவும், முதலாளி கண் விழித்து வீடு அதிரக் கத்துவாள். இருட்டில் தலையணை இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் துழாவி, அதைக் கண்டுபிடித்து மறுபடி வாயில் பொருத்தும் வித்தை அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். ராத்திரிக்கு நாலு தடவை. அப்பா ஒருமுறை உதவிக்கு வந்து, சூப்பானைக் குழந்தையின் மூக்கில் வைத்தார். அத்தோடு அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. இப்போது ராத்திரி ஷிப்டுக்கு அவளையே இன்சார்ஜாகப் போடுவதாகக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பது வருடமாக எதிர்பார்த்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நான் முடியாதுன்னு சொல்லிடப்போறேங்க," என்றாள் ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே.

"ஏன், என்ன ஆச்சு?"

"ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு யார் தேடுவா? நீங்களா? மூக்குல கொண்டுபோய் வெச்ச ஆளு!"

"சூப்பானே இல்லேன்னா தேடுற வேலையே இல்லையே?"

"இல்லாம பண்றது யாரு? அவகிட்டேருந்து வாங்கிடுவீங்களா?"

"யாரைப் பாத்து என்ன கேட்டே நீ?" என்று கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அவள் சிரிக்கவில்லை. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு விளையாட்டுப் பேச்சு அடங்கிவிட்டது.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு. அதுவரைக்கும் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதே."

திங்கட்கிழமை, அமுக்கினால் கத்துகிற ஒரு சிவப்பு வாத்தோடு வந்தார். கட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டார். வாத்தை உடனே காட்டவில்லை. பாதி காட்டி மறைத்தார், பிறகு ஒருமுறை கத்தவிட்டார். முதலாளி எழுந்து உட்கார்ந்தாள். இந்தக் கையில் வாத்து, அந்தக் கையில் சூப்பான். நாலே நிமிடம், வியாபாரம் முடிந்தது. சூப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், மனைவி எதிரில் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள், நம்பாமல்.

"அவ்வளவுதான். நீங்க எல்லாம் இதைப் பெரிசா..."

பேச்சு முடிவதற்குள் அறைக் கதவு திறந்தது. முதலாளி ஒரு செருப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா மடியில் வைத்தாள். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வாத்து மல்லாந்து கிடந்தது.

முதலாளி கையை நீட்டினாள். "மாத்து."

கடைவாசலில் எழுதிப் போட்டிருந்ததே அதுதான்: சரிப்படாவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். பகல் முழுக்க முதலாளி பார்ப்பதும் அதைத்தான். பெட்டியோடு ஒருவர் வருவார், மாத்தணும் என்பார், அப்பா முகம் சுளிக்காமல் சிரித்து உடனே எடுத்துக் கொடுப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கென்ன, தாராளமா," என்று அவர் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கை தன் பாட்டுக்குச் சட்டைப்பைக்குள் போனது.

மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

செவ்வாய்க்கிழமை ஒரு குட்டி மேளம். கால் மணி நேரம் வீட்டைப் பிளந்துவிட்டு அதுவும் பெட்டியில் திரும்பி வந்தது. புதன்கிழமை, சாவி கொடுத்தால் குதிக்கிற தவளை. வியாழக்கிழமை கொண்டுவந்த ரயிலை முதலாளி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வந்த பெட்டியோடு அப்படியே தள்ளிவிட்டு, "மாத்து" என்று சொல்லும்போது கொட்டாவியும் விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடையில் மச்சான் பிடித்துக்கொண்டார். மனைவியின் அண்ணன், சரக்கு அறை அவர் பொறுப்பு, மூன்று பிள்ளைகளுக்கு அப்பா.

"என்ன மாப்பிள்ளை, வீட்டு வியாபாரத்துல போனதெல்லாம் திரும்பி வருதாமே?"

"சரக்கு சரியில்லை மச்சான்."

"சரக்குல என்ன கோளாறு? விக்கிற ஆளுதான் சரியில்லை. நான் என் பிள்ளைங்க சூப்பான்ல கசப்பு மருந்தைத் தடவினேன். ஒரே நாள். மூணும் விட்டுருச்சு."

"அப்படியா!"

"ஆமா. ஆனா மூணும் இன்னைக்கு வரைக்கும் என் கையால ஒரு வாய் சாப்பாடு வாங்காது. மோந்து பாக்கும்."

அன்று கடைக்காரர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். மனைவி கூடத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு ஒரு வரியை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. அறைக்குள் போய் முட்டி போட்டார். விற்க ஒன்றும் இல்லை. அன்றைக்கெல்லாம் போட்டிருந்த காலுறையைக் கழற்றி நீட்டினார்.

முதலாளி சூப்பானை வாயிலிருந்து எடுத்தாள். "வேணாம்."

"ஜோடியாத் தர்றேன்."

"வேணாம். நாத்தம்."

"சரிங்க முதலாளி, உங்களுக்கு என்னதான் வேணும்? நீங்களே சொல்லுங்க."

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"லைட்டு."

"அது சுவத்தோட சேத்து மாட்டியிருக்கே! சுவரையும் சேத்து எடுத்துக்கறீங்களா?"

"வேணாம். ஃபேனு."

"ஃபேன் வேலையா இருக்கு. வேலை செய்யற ஆளைக் கையைப் புடிச்சு இழுக்கலாமா?"

அவள் கிக்கிக்கென்று சிரித்தாள். "ஜன்னல்!" என்றாள். "பெரீய்ய ஜன்னல்!"

ஜன்னலுக்கு மறுப்புச் சொல்ல வாயெடுத்த கடைக்காரர் அப்போதுதான் கவனித்தார். பத்து நிமிடமாகச் சூப்பான் அவள் கையில் கிடக்கிறது. வாய்க்குப் போகவில்லை. எப்படிப் போகும்? பேரம் பேச வாய் வேண்டாமா?

அவருக்கு இந்த வாரம் முழுக்கத் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. சட்டென்று பேசி, சட்டென்று முடித்து, சரக்கைக் கட்டிக் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில். முடிந்த வியாபாரத்தைத்தானே திருப்பிக் கொண்டுவர முடியும்? முடியவே முடியாத வியாபாரத்தை எந்தப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவாள்?

"ஜன்னலா? அதைக் குடுத்தா காத்து எந்த வழியா வரும்?"

முதலாளி யோசித்தாள். பெரிய மனசு பண்ணி இறங்கி வந்தாள். "சாக்ஸ்," என்று கையை நீட்டினாள்.

இருபது வருடத்தில் முதல்முறையாக, வாங்க ஒப்புக்கொண்ட ஆளிடமிருந்து கடைக்காரர் சரக்கைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "அடடா, இது இப்பத்தான் இன்னொருத்தர் சொல்லிவெச்சுட்டுப் போனாரு. வேற காட்டட்டுமா?"

அதற்குப் பிறகு தலையணை பேசப்பட்டது; கதவு பேசப்பட்டது; அப்பாவின் மீசை ரொம்ப நேரம் பேசப்பட்டது. எதுவும் படியவில்லை. முதலாளி சம்மணத்திலிருந்து சாய்ந்தாள், சாய்ந்ததிலிருந்து படுத்தாள், படுத்தபடியே பேரத்தை விடாமல் நடத்தினாள். "மீச... ரெண்டு மீச..." என்றவள் மூன்றாவது மீசையைக் கேட்பதற்குள் தூங்கிப்போனாள். திறந்த வாய் வெறும் வாயாக இருந்தது. விரல் தளர்ந்து சூப்பான் தானாக விரிப்பில் உருண்டது. வாயிலிருந்து விழாததால் அது விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பினால், வாசலில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு நேரம் பேசி ஒரு சாக்ஸை விக்க முடியலை உங்களால," என்றாள் கிசுகிசுப்பாக. கண் ஓரம் நனைந்திருந்தது.

"பதில் அனுப்பிட்டியா?"

"ஒரு நாளை வெச்சு எப்படிங்க நம்பறது? ராத்திரி போகட்டும்."

ராத்திரி போனது. பழக்கதோஷத்தில் அவள்தான் நாலு தடவை விழித்தாள். நாலு தடவையும் கையை நீட்டிக் குழந்தையின் மூச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தாள். சனிக்கிழமை பேரம் குளியலறை வாளியைக் கேட்பதில் தொடங்கியது. அன்று முதலாளி சூப்பானைக் கையில்கூட எடுக்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டிப் பேச வேண்டியிருந்தது. அவள் தூங்கியதும் மனைவி கைபேசியை எடுத்தாள். இந்த முறை அடித்ததை அழிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், புது வேலைக்கு முதல் நாள். எப்படியும் ஓர் அழுகை இருக்கும், சமாதானப்படுத்த வேண்டும் என்று அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பி நின்றாள் அம்மா. வெளியே இன்னும் வெயில்கூட முழுசாக இறங்கவில்லை. முதலாளி அப்பாவின் விரலைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அம்மா போயிட்டு வரட்டுமா?"

முதலாளி திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினாள்.

"பாத்தீங்களா! பேச்சுக்காவது ஒரு தடவை அழக் கூடாதா?"

"அழச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேணவே வேணாம்!" என்று அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். படிகளில் இரண்டிரண்டாக இறங்குகிற சத்தம் கேட்டது.

கடைக்காரர் முட்டி போட்டார். "வாங்க முதலாளி. இன்னைக்கு என்ன பாக்கறீங்க?"

முதலாளி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா," என்றாள்.

அவருக்கு இதைத் தட்டிக் கழிக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

"அம்மாவைக் காலையிலதான் கொண்டுவந்து குடுக்க முடியும். கண்டிப்பா வந்துரும். பரவாயில்லையா?"

முதலாளி யோசித்தாள். வாடிக்கையாளரின் நிதானத்தோடு தலையை ஆட்டிச் சம்மதித்தாள். பிறகு விரலை உயர்த்தி, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினாள்.