காலண்டர் தாளில் ஒரு சொட்டு

"ஆயில் வாங்கின பில்லை எடுத்து வைங்க சார்."

இதை மட்டும் கேட்டுடாதே பாப்பா என்று வழியெல்லாம் அப்பா கெஞ்சிக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் உட்காரச் சொல்லும் முன்பே அவள் கேட்டுவிட்டாள். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

"பொண்ண நல்லாத்தான் படிக்க வச்சிருக்கீங்க டிரைவரே. வந்ததும் ஆடிட் பண்றாங்க" என்றார் மேனேஜர். மேஜையில் கடிதம் தயாராக இருந்தது. தவறு முழுக்க டிரைவருடையது என்றிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்துக்கு இடம்.

மூன்று நாளைக்கு முன், முழு லோடோடு மேடேறும்போது வேன் இழுவை விட்டது. இன்ஜின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. அப்பா பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் நாலடி பின்னால் வந்துவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை போட ஓடிவந்த லோடுமேனின் கால் அந்த நாலடிக்குள் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி. கியர்பெட்டிக்கு ஆயில்தான் உயிர். நாளெல்லாம் சுமை தூக்கி, நின்று நின்று ஓடுகிற வண்டியில் அது சீக்கிரமே வெந்து போகும். கணக்காக மாற்றியே ஆக வேண்டும். இந்தக் கம்பெனியில் ஸ்டிக்கரைத்தான் மாற்றினார்கள். 'ஆயில் மாற்றப்பட்டது', புதுத் தேதி, கீழே டிரைவர் கையெழுத்து. ஆறு வருஷத்தில் அப்பா ஏழு கையெழுத்து போட்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும், யாரும் பார்க்காத நேரத்தில் கியர்பெட்டியின் ஆயில் அளவுக் கம்பியை உருவி, அன்றைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு சொட்டு வைத்திருந்தார்.

காலையில் லைசென்ஸ் தேடும்போது அவளுக்குக் கிடைத்தவை அந்த ஏழு தாள்கள். முதலாவதில் புது ஆயிலின் ரோஜா நிறம். அப்புறம் டீ நிறம். கடைசியில் தார். மோந்தால் இன்னமும் தீய்ந்த வாடை.

அவற்றை மேஜையில் பரப்பினாள். மேனேஜர் தொடக்கூட இல்லை.

"காட்டும்மா, எல்லார்கிட்டயும் காட்டு. ஆயில் மாத்தலன்னு நிரூபிச்சிடலாம். கூடவே, அது தெரிஞ்சே உங்கப்பா கையெழுத்து போட்டாரு, தெரிஞ்சே வண்டிய ஓட்டினாருன்னும் ஆகும். ஜெயிலுக்கு யாரு முதல்ல போவாங்க?"

அவள் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்பா பேனாவை எடுத்தார். "விட்டுடு பாப்பா. இதோட போயிடட்டும்."

"அந்த அண்ணனுக்குக் கால் போச்சுப்பா. எதோட போகணும்?"

அவள் ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம் எடுத்து வச்சீங்க?"

"என்னைக்காவது ஒருத்தர் கேப்பாங்கன்னுதான்."

"நான் கேட்டுட்டேன்ல?"

அவர் தலை நிமிரவில்லை. கடிதத்தின் மேலேயே பேனா நின்றது, எழுதவும் இல்லை, விலகவும் இல்லை. அவள் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கினாள். ஒவ்வொன்றும் அப்பாவுக்கு எதிரான சாட்சி. அடுக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவற்றை முதலில் ஆஸ்பத்திரியில் லோடுமேன் கட்டிலில்தான் வைக்கப் போகிறாள்.

"பாப்பா..."

அவள் திரும்பாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் மேட்டில் இன்னொரு வேன் முழு லோடோடு ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் புது ஸ்டிக்கர். பின்பலகையில் ஒரு லோடுமேன் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போனான்.