ஏழு லிட்டர்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியும். மைலேஜ் பார்க்காமல் ஓட்டத் தெரியாது. டேங்கை நிரப்பினால் பெட்ரோலின் பாரமே பெட்ரோலைக் குடித்துவிடுமாம். அதனால் எங்கள் காரில் என்றைக்கும் கால் டேங்க்தான். ஒரு நாளாவது நிரப்பித் தொலையுங்கள் என்று பத்து வருஷமாகக் கத்துகிறேன். யார் காதில் விழுகிறது?

அன்றைக்குப் பார்த்து டேங்கர் லாரிக்காரர்களின் வேலைநிறுத்தம், மூன்றாவது நாள். பெட்ரோல் பங்குகளில் எல்லாம் கயிறு கட்டியிருந்தார்கள். வாடகைக் கார் ஒன்றுகூட ஓடவில்லை. மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் தம்பிக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது, மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நாலு வருஷமாக டயாலிசிஸில் ஓடாய்த் தேய்ந்தவன் அவன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தூரம் நூற்று முப்பது கிலோமீட்டர். டேங்கில் ஏழு லிட்டர். தம்பியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒன்று பத்துக்குக் கிளம்பினோம்.

"எண்பதுல போனா லிட்டருக்கு இருபது கிடைக்கும். பத்து நிமிஷம் முன்னாடியே போயிடலாம்" என்றார் அவர். ஏசியை நிறுத்தினார். ஜன்னலை ஏற்றிவிடச் சொன்னார். காலியான நெடுஞ்சாலையில் முள் எண்பதைத் தாண்டவில்லை. ஒரு முட்டை லாரி எங்களை முந்திக்கொண்டு போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முட்டை லாரி போகுதுங்க! உங்க தம்பியா இருந்தா இப்படித்தான் உருட்டுவீங்களா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். முள் நூற்றுப் பத்தில் போய் நின்றது. கால் மணி நேரம் கார் பறந்தது. நல்லா வேணும் இவருக்கு என்று உள்ளூரக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன்.

"முப்பது கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டருக்கு மேல போயிடுச்சு" என்றார். "இன்னும் நூறு இருக்கு. இனி எண்பதுல போனாக்கூட போய்ச் சேராது. எழுபதுதான்."

"நேரம்?"

"எங்கயும் நிக்காம போனா மூணுக்குள்ள போயிடலாம்."

ஆறு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போய், தம்பியின் உயிரிலேயே கை வைத்துவிட்டேனே பாவி! பின் சீட்டில் அவன் முகக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு. நீ போடுற சத்தத்துல மிச்ச பெட்ரோலும் ஆவியாயிடும்."

சிரிக்க முயன்றேன்; அழுகைதான் வந்தது.

அதற்குப்பிறகு ஒன்றரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பிரேக்கைத் தொடவே பயந்தார். தூரத்தில் மாடு தெரிந்தாலே காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரனால் திட்டின. நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது பெட்ரோல் தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆஸ்பத்திரி வாசல் மேட்டில் கார் இரண்டு முறை விக்கியது. ஏறிவிட்டது. மணி இரண்டு ஐம்பத்தாறு.

தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அறுவைப் பிரிவுக்கு வெளியே என் வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. பக்கத்து நாற்காலியில் அவள் மகள், பதினாறு பதினேழு வயசிருக்கும். கையில் எங்கள் தம்பிக்கு இருப்பதுபோலவே டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த நரம்பு.

நர்ஸ் தம்பியின் பெயரைச் சரிபார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"அவங்க வந்துட்டாங்கம்மா. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அந்தத் தாயின் கண் சுவரிலிருந்த கடிகாரத்துக்குப் போய், என்னிடம் வந்து நின்றது.

"வழியில வண்டி எங்கயும் நிக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு மகளை எழுப்பி நிறுத்தினாள். இத்தனை நேரமாக அங்கே காத்திருந்து அவள் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் வேண்டியிருப்பேன்.